நிற்போர், இடமிருந்து வலம்

மாலை நாலரை மணி. வெய்யில் இறங்கிவிட்டது, சூடு இறங்கவில்லை. கரையோரக் கிராமம் ஒன்றின் கழக மைதானம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. கோல் கம்பங்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். வலைக்குப் பதிலாகப் பழைய மீன்வலை. பந்து அதில் சிக்கினால் எடுக்க ஒரு பொடியன் தனியாக நிற்கிறான். மதில் மேலும் பூவரச மரக்கிளைகளிலும் சனம். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அருகே ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, குத்துவிளக்கு, வெற்றிக் கிண்ணம். கிண்ணத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட ஒரு படம். படத்தில் இருப்பவருக்கு இருபத்திரண்டு வயதுகூட இராது. கடவுச்சீட்டுக்கோ அடையாள அட்டைக்கோ எடுத்த படத்தைப் பெருப்பித்திருக்கிறார்கள். அதனால் கண்கள் மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கின்றன.

"ஞாபகார்த்த வெற்றிக் கிண்ணத்துக்கான மாபெரும் விலகல் முறையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி" என்று அறிவிப்பாளர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இரண்டு அணிகளும் வரிசையில் நின்றன. அகவணக்கம் தொடங்கியது. மூன்று சக்கர ஐஸ்கிறீம் வண்டிக்காரர் பாட்டை நிறுத்தினார். அந்த ஒரு நிமிடத்தில் என் கமராவின் சத்தம் எனக்கே அநியாயமாகக் கேட்டது. பிறகு ஒரு முதியவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விளக்கேற்ற வைத்தார்கள். நான் முழங்காலில் இருந்து கமராவை உயர்த்தினேன். கழகச் செயலாளர் பின்னால் வந்து தோளைத் தொட்டார்.

"அண்ணை, அம்மாவின்ர முகம் வராமல் எடுங்கோ."

கையை எடுத்தேன். நரம்போடிய கை, தீக்குச்சி, திரி. பின்னர் கொழும்பில் ஒரு நண்பர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தவிர்த்துக் கையை மட்டும் காட்டிய அழகியலைச் சிலாகித்தார். அழகியலாவது மண்ணாவது. முகம் வந்தால் நாளைக்கு யாராவது வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்ற பயம்தான் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடந்த பல ஆண்டுகளில் எடுக்கப்பட்ட நினைவேந்தல் படங்களைத் திருப்பிப் பாருங்கள்: கைகள், விளக்குகள், முதுகுகள், குனிந்த தலைகள், கஞ்சிச் சிரட்டைகள்.

இறந்தவர்களை நினைப்பதற்கு உதைபந்தாட்டத்தை ஏன் பிடித்தார்கள் என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. கரையோர ஊர்களுக்கு அது கேள்வியே இல்லை. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். நீக்கிலஸ், பாசையூர் சென். அன்ரனிஸ் என்று கழகத்தின் பெயரைச் சொன்னால் ஊர் முழுவதும் அதற்குள் வந்துவிடும். கோவில் திருவிழாவுக்கு வராதவன்கூட இறுதிப் போட்டிக்கு வருவான். ஊரில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு குடும்பத்தார் கிண்ணம் ஒன்றைக் கழகத்துக்கு எடுத்துக் கொடுப்பது வழமை. முதுமையில் இறந்த ஆசிரியருக்கும் உண்டு, கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கும் உண்டு, ஷெல்லடியில் போனவனுக்கும் உண்டு. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் கோடை வந்தால் இதே கிண்ணங்கள்தான், ஊர்ப் பெயரோடு.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டார்கள். நவம்பர் மாதம் பிறந்தால் பொலிஸார் நீதிமன்றம் ஏறி நினைவேந்தலுக்குத் தடை கேட்பது பல ஆண்டுகளாக நடந்து வந்தது. சில நீதிமன்றங்கள் தடை விதித்தன, சில மறுத்தன. உதைபந்தாட்டத்தைத் தடை செய்யச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை. மேசையில் ஒரு படத்தை வைத்து ஒரு நிமிடம் நின்றால் அது அஞ்சலி. உடனே ஊதுகுழல் ஊதினால் அது விளையாட்டு. சட்டத்துக்கும் சனத்துக்கும் இடையில் ஒரு பந்து உருண்டுகொண்டிருந்தது.

இதே உபாயத்தை நமக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஊரிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜேர்மனியின் மியூனிக் நகரில், பயேர்ன் கழகத்தின் தீவிர ரசிகர் குழு ஒன்று உண்டு, பெயர் ஷிக்கெரியா. 2006 முதல் அவர்கள் ஓர் அழைப்புச் சுற்றுப்போட்டி நடத்தி வருகிறார்கள். கிண்ணத்தின் பெயர் குர்ட் லண்டாவர் கிண்ணம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அதுவும் ஒரு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிதான்.

லண்டாவர் பயேர்ன் கழகத்தின் தலைவராக இருந்தவர், யூதர். 1932இல் கழகம் முதற்தடவையாக ஜேர்மன் சம்பியனானது அவர் தலைமையில். அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வர, பதவியை விட்டு இறங்கினார். 1938 நவம்பர் 10ஆம் திகதி பிடித்துக்கொண்டுபோய் டாஹௌ வதைமுகாமில் 33 நாள் வைத்திருந்தார்கள். விடுபட்டவர் சுவிற்சர்லாந்துக்குத் தப்பினார். அவருடைய உடன்பிறந்தோர் நால்வர் கொல்லப்பட்டனர். 1947இல் ஊர் திரும்பி, இடிந்து கிடந்த நகரில் மறுபடியும் அதே கழகத்துக்குத் தலைவரானார். 1961இல் காலமானபின் கழகமும் ஊரும் அவரை மெல்ல மறந்து போயின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு மறதி. அதைக் கலைத்தது வரலாற்றுப் பேராசிரியர்கள் மட்டுமல்ல. மேளமடித்துக் கத்தும், தீப்பந்தம் கொளுத்தித் தண்டனை வாங்கும் இந்த ரசிகப் பொடியன்களும்தான். 2013இல் கழகம் லண்டாவரைக் கௌரவத் தலைவராக்கியது. 2014 பெப்ரவரியில் அந்த ரசிகர்கள் மியூனிக் மைதானத்தின் தெற்குப் பார்வையாளர் அரங்கையே அவருடைய முகமாக மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான கைகள் பிடித்த துணியிலும் அட்டையிலும், மேற்பாகத்தில் இருந்து கீழ்ப்பாகம் வரை ஒரே முகம்.

அந்தப் படம் உலகம் சுற்றியது. சுற்ற வேண்டுமென்றே செய்யப்பட்டது அது. எதிர்ப்பக்க அரங்கில் இருக்கும் கமராவுக்கு முகம் எப்படி விழும் என்று கணக்குப் பார்த்து, ஒவ்வொரு இருக்கைக்கும் நிறம் வகுத்து, இரவிரவாகத் தைத்தது. ஜேர்மன் மைதானங்களில் 2004 முதல், அவுஷ்விற்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27ஐ ஒட்டிய போட்டிகளில் யூத இனப்படுகொலையின் நினைவுகூரல் நடந்து வருகிறது, ஐ.நா. சபை அந்த நாளை உலக நினைவு நாளாக அறிவித்தது அதற்கு அடுத்த ஆண்டில். இன்று அங்கே படம் பிடிக்கப் போகிறவனுக்கு ஒரே கவலை, எந்த வில்லையைப் போடுவது என்பதுதான்.

இந்த ஒப்பீட்டில் கவனம் வேண்டும். அறுபது இலட்சம் பேரைக் கொன்ற ஒன்றை எடுத்துவந்து நம் துயரத்துக்குப் பக்கத்தில் வைத்து அளக்கும் பழக்கம் நம் மேடைகளில் மலிந்துவிட்டது. எனக்கு அதில் உவப்பில்லை. நான் இங்கே ஒப்பிடுவது படம் பிடிக்கிறவனின் நிலையை மட்டும். அவன் மியூனிக்கில் முகத்தைத் தேடுகிறான். யாழ்ப்பாணத்தில் முகத்தைத் தவிர்க்கிறான்.

தவிர்ப்பதற்குக் காரணம், இங்கே எந்த நினைவேந்தலிலும் கமரா ஒன்றாக இருந்ததில்லை. பத்திரிகைக்காரன் ஒரு பக்கம் நிற்பான். எதிர்ப்பக்கம், சிவில் உடையில், கைத்தொலைபேசியை நெஞ்சு மட்டத்தில் பிடித்தபடி இன்னொருவர் நிற்பார். அவர் விளக்கை எடுப்பதில்லை, விளக்கேற்றுகிறவரை எடுப்பார். வந்தவர்களுக்கும் அது தெரியும். குடையைத் தாழ்த்துவார்கள், முந்தானையை இழுப்பார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது. சமூக வலைத்தளத்தில் ஒரு படத்தைப் பகிர்ந்ததற்காக அதன் கீழ் கைதான இளைஞர்கள் இந்தப் பத்தாண்டிலும் உண்டு.

படம் என்ன விலை கேட்கும் என்பதற்குத் திருகோணமலை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் கூடியிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்தது என்று சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குள் போய்ப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் வெளியாயின, கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. மூன்று கிழமை கழித்து, ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்து நின்ற சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள்.

எனவே, "முகம் வராமல் எடுங்கோ" என்று ஒரு கழகச் செயலாளர் சொல்லும்போது விவாதிக்க ஒன்றுமில்லை.

* * *

முகம் வராமல் எடுத்துப் பழகிய இந்த ஊரில், முகங்களை வரிசையாக நிறுத்தி எடுத்த ஒரு படவகை உண்டு. கழகப் படம். குடாநாட்டில் எந்த வாசிகசாலைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒன்றாவது தொங்கும். கறுப்பு வெள்ளை, ஓரம் பழுத்தது. முன்வரிசையில் குந்தியிருப்பவர்கள், நடுவில் கதிரையில் தலைவரும் போசகரும், பின்வரிசையில் நிற்பவர்கள், எல்லோருக்கும் முன்னால் ஒரு பந்தும் கேடயமும். கீழே தட்டெழுத்தில்: இருப்போர், இடமிருந்து வலம், நிற்போர், இடமிருந்து வலம். பாடசாலைப் படங்களிலும் இதே வாய்பாடுதான். அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் பெரிய பெட்டிக் கமராவை முக்காலியில் வைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தது. யாரும் சிரிக்க மாட்டார்கள். பல்லைக் காட்டினால் போசகருக்குப் பிடிக்காது.

இந்தப் படங்களை வாசிக்க ஒரு முறை உண்டு, ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்தது. விரலை வைத்துக்கொண்டே போவார்கள்: "இவர் கனடா. இவர் பாரிஸ். இது நம்மட சந்திக் கடைக்காரர். இவர் மோசம் போனது எண்பத்தாறிலை. இவரும் கனடா." பதினொரு பேரில் ஊரில் மிஞ்சியது இரண்டோ மூன்றோ.

ஜேர்மனியிலும் இப்படியொரு படவரிசை இருந்தது. 1939இல் 'கிக்கர்' என்ற விளையாட்டுச் சஞ்சிகை, ஜேர்மன் தேசிய அணிக்கு ஆடிய அனைவரின் படங்களோடும் ஒரு தொகுப்பு வெளியிட்டது. இரண்டு பேரின் படங்கள் மட்டும் அதில் இல்லை. ஒருவர் கொட்பிரீட் ஃபுக்ஸ். 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல் அடித்தவர். மற்றவர் அவரோடு கால்ஸ்றூவ கழகத்தில் முன்வரிசையில் ஆடிய யூலியுஸ் ஹிர்ஷ். நாட்டுக்காக ஏழு தடவை களமிறங்கியவர், முதல் உலகப்போரில் இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். இரண்டு பேரும் யூதர்கள். ஹிர்ஷை 1943 மார்ச் 1ஆம் திகதி அவுஷ்விற்ஸுக்கு ரயிலேற்றினார்கள். அதன்பின் தகவல் இல்லை. ஃபுக்ஸ் தப்பி, நாடு நாடாகத் திரிந்து, கடைசியில் கனடா போனார்.

ஒருவர் காணாமல் போனார், மற்றவர் கனடா போனார். இதைப் படித்த அன்று எனக்கு ஜேர்மன் வரலாறு படிக்கிற மாதிரி இல்லை. யாரோ ஒரு வாசிகசாலைச் சுவரில் விரல் வைத்து வாசிக்கிற மாதிரி இருந்தது. ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் 2005 முதல் ஹிர்ஷின் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. 2014இல் அது மியூனிக் ரசிகர் குழுவுக்குப் போனது, லண்டாவரின் முகத்தைத் தூக்கிப் பிடித்ததற்காக.

அங்கே படத்தை எடுத்துவிட ஓர் அரசும் அதற்கு அஞ்சிய ஒரு சஞ்சிகையும் வேண்டியிருந்தன. இங்கே அவ்வளவு திட்டம் தேவைப்படவில்லை. 1990 நடுப்பகுதிக்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரி வரவில்லை, ஸ்ரூடியோக்கள் முடங்கின. அந்த ஐந்தாண்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சின்ன வயதுப் படம் என்று ஒன்று அநேகமாக இராது. பிறகு 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. செம்மணி வெளிக்கூடாக, நாவற்குழிப் பாலத்தின் மேல், இலட்சக்கணக்கான சனம். அரிசியும் நகையும் பத்திரங்களும் எடுத்தார்கள், குடும்பப் படங்களைக்கூடச் சிலர் சட்டத்தைக் கழற்றிச் சுருட்டி எடுத்தார்கள். கழகத்தின் படத்தை யார் எடுப்பது? அது எல்லோருக்கும் உரியது, ஆகவே யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது சில கழக அறைகளுக்குக் கூரையே இல்லை.

குருநகரில் இந்த இழப்பின் கனம் வேறு. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழில் செய்துகொண்டிருந்த மீனவர்கள் 31 பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் இதைக் கடற்படையின் கொலை என்றே ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வருகிறது. தொழிலுக்குப் போன இளைஞர்கள் ஒரே காலையில் முப்பத்தொரு வீட்டில் இல்லாமல் போனால், அந்த ஊரின் கழகங்களுக்கு என்ன ஆகும் என்று எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. மாலையில் கடற்கரை மணலில் பந்தடிப்பதும் விடியலில் வலை இழுப்பதும் அங்கே ஒரே கால்களும் கைகளும்தான். ஏழு ஆண்டு கழித்து, 1993 நவம்பர் 13ஆம் திகதி, அதே ஊரின் புனித யாகப்பர் ஆலயத்தில் விமானக் குண்டு விழுந்தது. குருநகரின் நினைவு நாட்காட்டியை நிரப்ப வெளியூர்த் துயரங்கள் தேவையில்லை.

* * *

இனி யாழ்ப்பாண நகருக்கு வருவோம். குடாநாட்டின் பெரிய மைதானம் துரையப்பா விளையாட்டரங்கு. முற்றவெளி ஓரம், கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் கிட்ட. நான்கு பக்கமும் நினைவுகள் நெருக்குகிற இடம். கூப்பிடு தூரத்தில், 1974 ஜனவரி 10ஆம் திகதி நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்த ஒன்பது பேரின் நினைவுத் தூண்கள். கொஞ்சம் தள்ளி, 1981இல் 97,000 நூல்களோடு எரிந்து மீண்டும் வெள்ளையடித்து எழுந்த நூலகம். அரங்கின் பெயரே ஒரு கொலையின் ஞாபகம்: மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவில் முன்றலில் சுடப்பட்டார், நம்மவர் கையால். ஒவ்வொரு சனிக்கிழமையும் "துரையப்பாவிலை மட்ச்" என்று சொல்கிறோம். அவருக்காக ஒரு நிமிடம் நின்றதாக எனக்கு நினைவில்லை.

1999 ஏப்ரலில் இந்த அரங்கைத் திருத்த நிலத்தைக் கிளறினார்கள். மனித எலும்புக்கூடுகள் வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, இருபதுக்கும் மேல். பந்து உருண்ட தரைக்குக் கீழே அவ்வளவு பேர் கிடந்திருக்கிறார்கள். அதற்கு மேல் எத்தனை கோல்கள் அடிக்கப்பட்டன, எத்தனை கழகப் படங்கள் எடுக்கப்பட்டன! இந்திய நிதியுதவியில் புதுப்பித்த அரங்கை 2016 ஜூன் 18ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும், டெல்லியிலிருந்து காணொளி வழியாகப் பிரதமர் மோடியும் திறந்து வைத்தார்கள். அன்று எடுத்த படங்களில் புல் பச்சையாக இருக்கிறது. எலும்புகள் கிடந்த இடத்தை அடையாளம் காட்ட அங்கே ஒன்றும் இல்லை. நான் பலமுறை அந்தப் பக்கவாட்டுக் கோட்டில் நின்று படம் எடுத்திருக்கிறேன், எதை எடுக்கிறேன் என்று தெரியாமலே.

பாரிஸுக்குப் போன நம்மவர்கள் அங்கும் இப்படியொரு இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். ஈபிள் கோபுரத்துக்குக் கிட்ட வெல் டி'ஹிவ் என்ற மூடிய சைக்கிளோட்ட அரங்கு இருந்தது. 1942 ஜூலை 16, 17ஆம் திகதிகளில் பிரெஞ்சுப் பொலிஸார் நகரத்து யூதர்கள் ஏறத்தாழ 13,000 பேரைச் சுற்றிவளைத்து, குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பங்களை அந்த அரங்குக்குள் அடைத்தார்கள். பின் அவுஷ்விற்ஸுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய நகரம், அவ்வளவு கமராக்கள், பட்டப்பகல். அந்தச் சுற்றிவளைப்பின் படம் என்று உலகத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அரங்குக்கு வெளியே வரிசையாக நிற்கும் வெறும் பேருந்துகள். முகங்கள் இல்லை.

யாழ்ப்பாணத்திலும் ஒரு மைதானத்துக்குப் படம் இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் முகத்தைத் தவிர்த்தது பயத்தால் அல்ல, வேறொன்றால் என்றாகிவிடும்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை காலை. சோனகத் தெரு வீதிகளில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் போனது. எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் இருக்கிற மைதானம். முஸ்லிம் இளைஞர்கள் பந்தடித்த இடம். கூடியவர்களிடம் சில நிமிடப் பேச்சு. இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும், அவ்வளவுதான். வழியில் சோதனைச் சாவடிகளில் நகையையும் பணத்தையும் பறித்தார்கள், பிள்ளைகளின் காதுத் தோட்டைக்கூட. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அவர்கள் ஒரு தலைமுறையை வளர்த்தார்கள்.

சரியாக ஐந்து ஆண்டு கழித்து, அதே ஒக்டோபர் 30இல், மிச்சமிருந்த யாழ்ப்பாணம் நடந்தது. எங்கள் இடப்பெயர்வைப் பற்றிக் கவிதை உண்டு, நாவல் உண்டு, பாலத்தில் நெரிபட்ட சனத்தின் படங்கள் உண்டு. ஜின்னா மைதானத்துக் காலையை நாங்கள் படம் எடுக்கவுமில்லை, எடுத்தவர் உண்டா என்று தேடவுமில்லை. திரும்பி வந்த சில நூறு குடும்பங்கள் ஒவ்வோர் ஒக்டோபரிலும் தம்மளவில் அதை நினைவுகூர்கின்றன. ஒரு தடவை நான் அங்கே போனேன். மைதானத்தில் பொடியன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கமராவைப் பையிலிருந்து எடுக்க வெட்கமாக இருந்தது. யாரும் முகத்தை மறைக்கச் சொல்லவில்லை. நான்தான் மறைக்க வேண்டியவன்போல நின்றேன்.

* * *

2025இல் எல்லாக் கமராக்களும் செம்மணிக்குத் திரும்பின. 1998இல் கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்ட படைச்சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, இன்னும் நூற்றுக்கணக்கானோர் செம்மணியில் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டியதில் பதினைந்து பேரின் எச்சங்கள் மீண்டன. பிறகு கால் நூற்றாண்டு அமைதி. 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்காக நிலம் வெட்டியபோது எலும்புகள் வந்தன. செப்டெம்பருக்குள் அடையாளம் காணப்பட்டவை இருநூறைத் தாண்டின. குழந்தைகள் இருந்தார்கள். நீல நிறப் புத்தகப் பை ஒன்று, ஒரு பொம்மை, பால் போத்தல். தாய்மாரும் மாணவரும் ஜூன் மாதம் மூன்று நாள் 'அணையா விளக்கு' ஏற்றி வைத்திருந்தார்கள், ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டர்க் அங்கே வந்து நின்றார்.

அந்தப் புதைகுழியைத் தொடர்ந்து படமெடுத்தவர்களில் ஒருவர் முல்லைத்தீவைச் சேர்ந்த ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன். ஓகஸ்டில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு அவரை விசாரணைக்கு அழைத்தது. பழைய பாட்டுத்தான்.

ஆனால் செம்மணிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த நாளிலிருந்து முகத்தை மறைப்பதில்லை. மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கமராவை நேராகப் பார்க்கிறார்கள். ஒரே சட்டத்துக்குள் இரண்டு முகம். ஒன்று வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது, மற்றது இருபத்திரண்டிலேயே நிற்கிறது. சிவில் உடைக்காரரின் கமராவுக்கும் அதே பார்வைதான். முகத்தைக் காட்டினால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை அவர்கள் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கழகச் செயலாளருக்கு இன்னும் பயம் இருக்கிறது. அவருக்கு உத்தியோகம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன. தாய்மாரில் பலர் தேடித் தேடியே செத்துப்போனார்கள்.

கிண்ணம் வாங்கிய அணியைப் படமெடுத்து முடித்த மறுநாள், அதே ஊர் வாசிகசாலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சுவரில் இருந்த பழைய கழகப் படத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது, பிரதி எடுத்துத் தரவேண்டும். 1983ஆம் ஆண்டு என்று கேடயத்தில் தெரிந்தது. இடப்பெயர்வில் இதை யாரோ பாய்க்குள் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறார். நடுவில் இன்னும் மடிப்பு. கண்ணாடியைக் கழற்றி வெளியே பூவரசு நிழலுக்குக் கொண்டுவந்தோம். கண்ணாடியோடு எடுத்தால் என் முகம் அதில் விழும்.

கீழே பெயர் எழுதிய காகிதத்தைக் கறையான் அரித்துவிட்டது. அந்த அணியில் இடப்பக்கப் பின்களத்தில் ஆடிய ஐயா வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாங்கில் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இருப்போர் சிக்கலில்லாமல் முடிந்தது. நிற்போர், இடமிருந்து வலம். முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர். நாலாவதில் விரல் நின்றது.

"இவன்ர பேர்..." என்றார். கோல் காப்பாளர், கையுறை போட்டிருந்தான். உயரமான பொடியன். "பட்டப் பேர் தெரியும். கொக்கு. சொந்தப் பேர் வருகுதில்லை தம்பி."

வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கும் கொக்கு என்றுதான் தெரியும். தொண்ணூறில் ஒருநாள் பண்ணைப் பக்கம் போனவன், பிறகு வரவில்லை. தாய் தகப்பன் இல்லை. தமக்கை எங்கேயோ. 'கொக்கு' என்று எழுதட்டுமா என்று கேட்டேன். ஐயா தலையாட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். இருப்போரில் வலப்பக்கக் கடைசி ஆள் இப்போது ஸ்காபுறோவில் இருக்கிறார், அவருக்கு எல்லோர் பேரும் பாடம்.

"அங்கை இப்ப விடிய மூண்டரை ஐயா" என்றேன்.

"எழும்பட்டும்" என்றார். ஸ்பீக்கரில் போட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வாங்கில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது.